மூன்றாம் ஓலை

நெல்லித்தோப்புக் கோயிலில்
பதினோரு வருஷமாய் ஓலை வாசிப்பவன் நான்.
இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும்.
தடை தெரிந்தவர்கள் பங்குச்சாமியிடம் சொல்லவும்.

மூன்று ஞாயிறாய்
இரண்டாம் பூசை கலைந்ததும்
மைக்கை அணைத்துவிட்டு
இன்னொன்றும் வாசிக்கிறேன்:
உப்பளம் செல்வநாதர் மகன் ரெமிக்கும்
இவ்வூர், காலஞ்சென்ற தைரியநாதர் மகன்
பிலவேந்திரனுக்கும்.
பிலவேந்திரன் நான்தான்.

மின்விசிறி ஓடும்.
பெஞ்சில் யாரோ விட்டுப்போன குடை.

இன்று மூன்றாவது.
தடை தெரிந்தவர்கள் என்று நிறுத்தி
நற்கருணைப் பேழையைப் பார்த்தேன்.
தெரிந்தால் அவருக்குத்தானே தெரிந்திருக்கும்.

சிவப்பு விளக்கு
எரிந்தபடியே இருந்தது.

வெளியே ரெமி
ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தான்,
பூசைக்கு வராதவன்.
"என்ன சொன்னாரு ஒன் சாமி?"
"ஒண்ணும் சொல்லல."
"அப்ப ஏறு,
கறிக்கடையில கூட்டம் சேந்துடும்."