நாற்பது நிமிடம்

தேஜான் நகரில், ஏழாம் மாடியில்,
இடக்காதுக்கு முன்னால் மயிரை விலக்கி
பேக் சாங்-வு சுருளை வைக்கிறார்.
அசையாதீங்க, என்கிறார்.
டக். டக். டக்.
ஒரு மரங்கொத்தி
என்னை மரமென்று நம்பிவிட்டது.

விளையாட்டுகளைச் சோதித்துக் கொடுப்பது என் வேலை.
மணிக்கணக்கில் கூலி.
சுவர்களில் முட்டிப் பார்ப்பேன்,
திறக்காத கதவுகளைக் குறித்துவைப்பேன்,
கடலில் குதித்து
அலை சரியாக மூடுகிறதா என்று சொல்வேன்.
இன்று சோதனை விளையாட்டுக்கா எனக்கா,
ஒப்பந்தத்தில் அது தெளிவாக இல்லை.

கண்ணை மூடும் கவசத்தை மாட்டுகிறார்கள்.
மழை பெய்யும் ஊர்.
முதல் மூன்று நிமிடம் வெறும் மழை.
அப்புறம் மழை நின்றது,
பெய்துகொண்டே நின்றது,
ஒவ்வொரு துளியும் தன் இடத்தில்.
பாலத்துக் கைப்பிடியில் இருநூற்றுப் பன்னிரண்டு ஆணிகள்.
நான் எண்ணவில்லை.
எண்ணவும் இல்லை, எண்ணிப் பார்க்கவும் இல்லை;
உள்ளங்கையில் ரேகைபோல
எண் ஏற்கனவே என்னிடம் இருந்தது.
கூரையின் பதினேழாம் ஓடும் இருபத்தொன்பதாம் ஓடும்
ஒரே ஓடு.
வரைந்தவன் நள்ளிரவில் நகலெடுத்து ஒட்டியிருக்கிறான்.
அவன் கொட்டாவிகூடத் தெரிந்தது.

தெரியாமல் போனது ஊர்தான்.
ஆணிகள் இருந்தன, பாலம் இல்லை.
குடையோடு ஒருத்தி எதிரே வந்தாள்;
இமைமயிர்கள் வந்தன, அவள் வரவில்லை.

எத்தனை? என்றார் பேக்.
சொன்னேன். திரையில் சரிபார்த்தார்.
சரி. சரி. அதுவும் சரி.
மூன்றாம் கட்டம் தாண்டினால்
வாங்குகிறவர்கள் எல்லோருக்கும் இந்தக் கண், என்றார்.
விலைகூட யோசித்துவைத்திருந்தார்.

கழிப்பறைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு
படியிறங்கி ஓடினேன்.
இருபத்தாறு நிமிடம் மிச்சம்.

ஆற்றுக்கு அந்தப்பக்கம், பொதுக் குளியல்கூடத்தின் பின்னறையில்
இன்-சோக் துவாலை மடிக்கிறான்.
என் தம்பி. முப்பத்தொரு வயது.
ஒருமுறை இதே பாலத்தின் நடுவில்
ஆணிகளை எண்ணி முடிக்காமல் வரமாட்டேன் என்று நின்றவனை
அறைந்து இழுத்துவந்திருக்கிறேன்.
எனக்குப் பன்னிரண்டு வயது, பள்ளிக்கு நேரமாகியிருந்தது.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.
ஓரத்து நீலத் தையல், நாற்பத்தாறு, என்றேன்.
நிமிராமல் சொன்னான்:
நாற்பத்தேழு. ஒண்ணு மடிப்புக்குள்ள இருக்கு.
பிரித்தேன். இருந்தது.
அவன் சிரித்தான்.
அந்தச் சிரிப்பை
எங்கள் வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

அதன்பிறகு பேசிக்கொண்டே இருந்தோம்,
மற்றவர்கள் வெயிலைப் பற்றிப் பேசுவார்களே, அப்படி.
குழாய்ச் சொட்டு, தரைச் சில்லு,
வெளியே போன பேருந்தின் சன்னல்கள்.
அவன் ஒன்று சொல்வான், நான் ஒன்று.
இரண்டு தடவை அவனைத் திருத்தினேன்.
ஒரு தடவை பொய்யாகத் தோற்றுக் கொடுத்தான் என்று
இப்போது தோன்றுகிறது.

முப்பத்தெட்டாம் நிமிடம்
துவாலை துவாலையாகிவிட்டது.
வெள்ளை. சூடு. ஒரு குவியல்.
சோப்பு வாசனை, யாரோ செருப்பை இழுத்து நடக்கும் சத்தம்.
அப்பாடா என்றிருந்தது.
அந்த அப்பாடாவுக்காக
முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவன் ஓர் எண் சொன்னான்.
காத்திருந்தான்.
மறுபடி சொன்னான்.

போயிடுச்சா?
ஆமா. நேரம் முடிஞ்சுபோச்சு.

மூலையோடு மூலை சேர்த்து
ஒரு துவாலையை மடித்து அடுக்கின்மேல் வைத்தான்.
எனக்கு எப்போ முடியும்?
என்று கேட்டான்,
குறை சொல்லும் குரல் இல்லை,
பேருந்து எப்போ என்று கேட்பதுபோல.

அலுவலகத்துப் படிவத்தில்
பிழைகள்: பதினேழு, இருபத்தொன்பது, ஒரே ஓடு, மாற்றவும்.
பக்கவிளைவுகள் என்ற கட்டத்தில்
இரண்டு வரிக்குத்தான் இடம்.
அதை நாளைக்கு என்று விட்டேன்.

திரும்பும்போது பாலத்தில்
கைப்பிடி ஆணிகளை விரலால் தொட்டுத் தொட்டு
எண்ணிக்கொண்டு வந்தேன்.
இரும்பு சில்லிட்டது.
நூற்றுநாலோ நூற்றஞ்சோ,
ஒரு சைக்கிள் மணியடித்தது,
ஒதுங்கினேன்.