மாத அறிக்கை

நாலரைக்கு எழும்புவோம்.
அலாரம் இல்லை, கேம்ப் பஸ்கள் எழுப்பும்.
சோஹார் தொழிற்பேட்டைக்குப் போகிற வெள்ளைப் பஸ்கள்,
கண்ணாடியில் சாய்ந்து தூங்கும் தலைகள்.
அவர் பால்கனியில் நின்று
ஒவ்வொரு பஸ்ஸுக்கும் கையை உயர்த்துவார்.
யாரும் பார்ப்பதில்லை.
"பார்க்கணும்னு இல்ல, எப்சிபா" என்பார்.

பிறகு மாத்திரை.
அவருக்கு நாலு, எனக்கு மூணு, ஒரே டப்பா.
கண்ணாடி போடாத ஒரு காலையில் மாற்றி விழுங்கிவிட்டு
மதியம்வரை ஒருவர் நாடியை ஒருவர்
பிடித்துக்கொண்டிருந்தோம்.
நாற்பத்தொரு வருஷத்தில் அவ்வளவு நேரம்
கையைப் பிடித்து உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

சங்கத்தார் அனுப்பும்போது
எனக்கு அறுபத்திரண்டு, அவருக்கு அறுபத்தேழு.
பாளையங்கோட்டையில் ஜெபம் பண்ணி
ஆளுக்கொரு சால்வை போர்த்தினார்கள்.
இந்த வெயிலுக்குச் சால்வை!
இஸ்திரி மேசையில் விரித்திருக்கிறேன்.

என்ன ஊழியம் என்று கேட்டால் சொல்ல வராது.
காம்பவுண்டுக்கு வெளியே வேதம் பேசக்கூடாது.
ஆகவே வெளியே நான் நர்ஸ், அவர் போஸ்ட் மாஸ்டர்,
ரிட்டயர் ஆகியும் விடாத வேலைகள்.
சர்க்கரை பார்க்க விரலைக் குத்துகிறேன்.
கம்பி கட்டுகிற கை, ஊசி இறங்காது,
இரண்டாம் தரம் குத்தணும்.
அவர் படிவம் நிரப்புகிறார்.
ஒருமுறை கள்ளக்குறிச்சிப் பையன் ஒருவனுக்காக
அவன் பெண்டாட்டிக்கு மன்னிப்புக் கடிதம்.
அதில் இரண்டு வரி
எனக்கு எழுதினது மாதிரி இருந்தது.
கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஏழிலிருந்து எட்டேகால்வரை
ஹால் எங்களுக்கு.
முன்னால் மலையாளம், பின்னால் தெலுங்கு.
எங்கள் கடைசிப் பாட்டின்மேல்
வாசலில் அவர்கள் தபேலாவைத் தட்டிப் பார்ப்பார்கள்.
முப்பது நாற்காலி.
ஓவர்டைம் இருந்தால் ஒன்பது பேர்.

சங்கத்துப் படிவத்தில் ஆறாவது கலம்:
"இம்மாதம் சேர்க்கப்பட்டோர்."
அந்த இடம் வந்ததும் பேனாவை மூடிவிட்டு
மாதாமாதம் தண்ணீர் குடிக்கப் போவார்.

போன மாதம் குளியலறையில் விழுந்தார்.
அரிசி மூட்டையை இறக்கினது போல ஒரு சத்தம்.
எலும்புக்கு ஒன்றுமில்லை.
யாருக்கும் சொல்லவில்லை,
தெரிந்தால் டிக்கெட் போட்டுவிடுவார்கள்.
மூன்று நாள் பால்கனியில் ஆளில்லை.
நாலாம் நாள் ராத்திரி பத்துக்குக் கதவைத் தட்டினார்கள்.
டிரில் மிஷினோடு முங்கேர்க்காரன் ஜம்ஷெத்,
பின்னால் நம்ம வீரபாகு,
இன்னொருவன், இன்றுவரை பேர் தெரியாது.
"கை தூக்குற பெரியவர் எங்கேன்னு
பஸ்ல கேட்டாங்கம்மா."

சாரக்கட்டுப் பைப், இரண்டடி நீளம்,
ஷவருக்கடியில் ஒன்று, வாசல் ஓரம் ஒன்று.
சத்தத்துக்குக் கீழ்வீட்டு எகிப்துக்காரர்
சண்டைக்கு வருவாரே என்று பயந்தேன்.
வந்தார்.
டார்ச் பிடித்தார்.

எல்லோரும் போனபிறகு பார்த்தால்
பைப்பில் மஞ்சள் பெயின்ட்டில்
கம்பெனிப் பேரின் பாதி.
அவர் விரலால் தடவினார்.
"ஸ்கிராப்தானான்னு கேட்டியா?"
"நீங்க கேட்கலையா?"
ஆபீஸ் பசையைக்கூட
சொந்தக் கவருக்குத் தொடாத மனுஷன்.
பத்துக் கட்டளையையும் ஓய்வுநாள் பள்ளியில்
மனப்பாடம் பண்ணவைத்தவர்.
மஞ்சள் எழுத்தின்மேல்
துண்டைக் காயப்போட்டேன்.

அறிக்கை இன்றைக்குப் போகணும்.
ஆறாவது கலம் வந்தது.
தண்ணீருக்கு எழும்பவில்லை.
"இரண்டு" என்று எழுதினார்.
"யார் யாரு?" என்றேன்.
பதில் சொல்லாமல் குளிக்கப் போனார்.
கொஞ்ச நேரத்தில்
பைப்பில் மோதிரம் தட்டுகிற சத்தம்.