ஐம்பது ஐம்பதாக

கூர் என்று ஒரு ஊர்.
பெயரை நம்பி வந்தால் முனை எதுவும் இல்லை,
ரைன் நதிக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் சாது.

ஞாயிறு காலை.
பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்தில்
கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே எட்டு மேசை,
மேசைக்கு நான்கு பேர்,
ஒரு சூப் கிண்ணம் நிறைய ரப்பர் வளையம்.
எனக்குக் குடியுரிமை கிடைத்துப் பதினான்கு மாதம்.
வாக்கெண்ண வரவும் என்றது நகரசபைக் கடிதம்,
வர இயலாதெனில் காரணம் எழுதவும்.
எழுத ஒரு காரணமும் அகப்படவில்லை.

கேள்வி இதுதான்:
குளிர்கால ஒலிம்பிக்கைக் கேட்டு விண்ணப்பிக்க
கன்ரோன் இருபத்தேழு மில்லியன் பிராங்க் தரலாமா?
கேட்பதற்கு மட்டும் அவ்வளவு.
கிடைத்துவிட்டால் ஆகும் செலவு
கையேட்டின் பதினோராம் பக்கத்தில்
'ஏறத்தாழ' என்ற கம்பளியைப் போர்த்திக்கொண்டு கிடந்தது.

போன கிழமை சாப்பாட்டு மேசையில்
குலேந்திரன் கையைக் கழுவாமலே கதைத்தான்:
"சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம்.
பதினாறு நாள் கலியாணம்,
பந்தல் கழட்டுறது ஆர்?"
லென்சர்ஹைடேயில் இரவு முழுக்கப்
பனிப்பீரங்கி பார்க்கிறவன் அவன்.
வானம் தராததைக் குழாயால் தருகிற உத்தியோகம்.
நான் சொன்னேன், வீரர்கள் தங்கும் வீடுகள்
பிறகு வாடகைக்கு வருமாம், மூன்றரை அறை.
"அந்த அரை அறை எது?" என்றான்.
பதினைந்து வருடமாக எனக்கும் தெரியாது.

இங்கே புள்ளடி செல்லாது.
அவரவர் கையால் எழுதவேண்டும், யா அல்லது நைன்.
அவர்கள் எழுத்தில் யா இரண்டு, நைன் நான்கு.
மறுப்பவர்களுக்கு மை இரட்டிப்பு.
ஒருவர் மறுத்த வேகத்தில் தாள் கிழிந்திருந்தது.
ஒருவர் யாவை அவ்வளவு சின்னதாக எழுதியிருந்தார்,
பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடும் என்பதுபோல.
ஒரு தாளின் ஓரத்தில் பென்சில் கணக்கு,
கடன் வாங்கிக் கழித்தல்,
கடன் வாங்கிய இடத்திலேயே நின்றுவிட்டது.
இன்னொன்றில்: யா, பனி பெய்தால்.
'செல்லாது' முத்திரையைக் குத்திய கடூஃப் அம்மா
மறுபடி எடுத்து ஒருமுறை வாசித்தார்.

பதினொன்றரை மணியளவில் அது என் கைக்கு வந்தது.
ஒரு யா.
முதலெழுத்தின் வால் கீழே இறங்கி
நம்முடைய ஞ போல உள்ளே சுருண்டிருந்தது.
குளிர்பெட்டிக் கதவில் வாராவாரம்
'யோகுர்ட்' என்று எழுதும் அதே சுருள்.
இந்த ஊரில் முப்பத்தெட்டாயிரம் பேர்,
வேறு யாருக்கும் அப்படி ஒரு வால் இருக்கலாம்.

"ஏதும் சிக்கலா?" என்றான் எதிரில் இருந்த ரேட்டோ.
"நைன்" என்றேன்,
சொல்லிக்கொண்டே அதை
யாக்களின் மேல் வைத்தேன்.
நாற்பத்தொன்பதாவது.
இன்னொன்று வந்ததும் வளையம் போட்டேன்.

எங்கள் மேசையில் ஓம் ஒன்பது கட்டு,
இல்லை பதின்மூன்றும் ஒரு அரைக்கட்டும்.
மற்ற மேசைகளும் ஏறத்தாழ.

வீட்டில் அவன் வெப்பச் சப்பாத்துக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தான்.
"என்ன முடிவு?"
"இல்லை வெண்டிட்டுது."
"நான் அப்பவே சொன்னனான்" என்றான்,
நாடாவைப் பார்த்து.
பிறகு, கதவைத் திறந்தபடி,
எதற்கும் தொடர்பில்லாமல்,
"சின்னவள் அந்தத் தாவல் கோபுரத்தைப் பாக்கவேணும் எண்டு
ஒரு நாள் கேட்டவள், ஞாபகமோ?"

எனக்கு ஞாபகம் இல்லை.
என் தாள் ஐந்தாம் மேசைக்குப் போயிருக்கும்.
அதில் என்ன எழுதினேன் என்று
அவனும் கேட்கவில்லை.

இரவு ஒன்றரைக்கு எழுந்து தண்ணீர் குடித்தேன்.
குளிர்பெட்டிக் கதவில் புதிய பட்டியல்:
வெங்காயம், பற்றி, யோகுர்ட்.
அதை வெகுநேரம் எண்ணினேன்,
மூன்றே மூன்று வரி.