பன்னிரண்டு நிமிட நீலம்

வினிபெக். வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
செம்மஞ்சள் கண்ணாடி போட்டு மல்லாந்திருக்கிறேன்.
உதட்டை விரித்துப் பிடித்திருக்கிறது ஒரு வளையம்,
பேச வழியில்லை.

மருந்து பாதிதான்,
மிச்சத்தை வெளிச்சம் பார்த்துக்கொள்ளும் என்கிறாள் ஒக்சானா.

போன முறை
தட்டைக் கவ்வியபடி இரவெல்லாம் கூசிக் கிடந்தேன்.
இப்போது நாக்கடியில் எச்சில் ஊறுவது மட்டும் தெரிகிறது.
பதினாறு பனிக்காலம்
பனி தள்ளும் லொறியில் குடித்த கோப்பி
எங்கே போகிறதோ.

நிற அட்டையைப் பல்லோடு ஒட்டிப் பார்த்தாள்:
ஏழு படி!
இரண்டு நாள் மஞ்சள் தொடக்கூடாதாம்.
வெறுஞ்சோறு, தயிர்.

அப்படியே
கடவுச்சீட்டுப் படம் எடுக்கப் போனேன்.
"வாயை மூடுங்கோ அண்ணை,
பல்லுத் தெரியக்கூடாது."

மூடினேன்.

திரையைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான் பொடியன்.
"கண் சிரிக்குது.
இன்னொருக்கா."