ஈயக் கணக்கு

பலகைக்குத் தமிழ் எழுத என்னைக் கூப்பிட்டார்கள்.
எண்பது சொல். ஒன்று கூடினாலும்
பெயிண்டர் தகராறு செய்வார் என்றார்
தொல்லியல் துறை சுகுணன் சார்.
மலையாளம் ஏற்கெனவே தயார்.
அதில் ‘சத்ரு’ மூன்று இடத்தில் வருகிறது.

கொழிஞ்சாம்பாறை தாண்டி, வேலந்தாவளம் வரும் முன்
பனைகளுக்கு நடுவே நீளமாய்க் கிடக்கும் மண்மேடு.
மைசூர்க் குதிரைகள் இந்தப் பக்கம்,
கும்பெனிச் சிப்பாய்கள் அந்தப் பக்கம்.
மூன்று நாள் நடந்தது என்கிறது பலகை.
பொழுது சாயவே முடிந்தது என்கிறது ஊர்.
மேட்டில் பாதி கேரளம்.
மீதிப் பாதியைத் தமிழ்நாட்டுச் சூளைக்காரர்
செங்கல்லாக்கி விற்றுவிட்டார்.
பொள்ளாச்சிப் பக்கம்
ஏதோ ஒரு கல்யாண மண்டபத்துச் சுவரில்
அந்தப் போரின் இடப்பக்கம் இருக்கிறது.

இந்தப் பாதியில்
தொழிலுறப்புப் பெண்கள் இருபத்தேழு பேர்
அகழிக்குள் இறங்கிப் புல் செதுக்கினார்கள்.
நாச்சம்மாள் கொத்தை நிறுத்திக் கேட்டாள்:
“சண்டை போட்ட எடத்துக்கு வேலி எதுக்குங்க?
அவிய திரும்பி வந்துருவாங்கன்னா?”
சுகுணன் சார் மட்டும் சிரித்தார்.

குண்டுக்காடு என்பது பழைய பெயர்.
முதல் மழைக்குக் கடலைக்காடு உழும்போது
கோலிக்குண்டு அளவில் ஈயம் மேலே வரும்.
பிள்ளைகள் பொறுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தால்
சவரிமுத்து ஆளுக்கொரு கெளுத்தி தருவார்.
தட்டி, துளையிட்டு,
வீச்சுவலையின் விளிம்பில் கோர்த்துக்கொள்வார்.
அவர் அப்பனும் அப்படித்தான் செய்தார்.
ஆக, நாங்கள் தேடிய போர்
இத்தனை காலமும் ஏரிக்குள் போய்ப் போய்
மீனோடு கரையேறிக்கொண்டிருந்தது.

காட்சிக்கூடத்தில் கண்ணாடிப் பெட்டி வந்துவிட்டது.
உள்ளே வைக்க ஒன்றும் இல்லை.
சவரிமுத்து தோளிலிருந்து வலையை இறக்கவில்லை.
“எடுத்துக்கங்க சார்.
எடுக்கிற எடைக்கு ஈயம் வெச்சுட்டு எடுத்துக்கங்க.
வலை மெதந்தா மீனு என்னைப் பார்த்துச் சிரிக்கும்.”

அதற்கு அரசாங்கத்தில் கணக்குத் தலைப்பு கிடையாது.
‘மராமத்து’ என்று எழுதிச் சந்தையில் வாங்கினோம்.
காஜாமைதீன் மளிகைக்கடைத் தராசு,
மிளகாய் வாசம் போகாத தட்டுகள்.
ஏழுக்கு ஏழு,
கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு.
ஒன்று மட்டும் அப்பளமாய் நசுங்கியிருந்தது.
“என் சுத்தியல் இல்லை” என்றார் சவரிமுத்து.
“கெடச்சப்பவே இப்படித்தான்.”
எதில் பட்டு நசுங்கியதென்று
ஒருவரும் கேட்கவில்லை.
பனையாக இருக்கலாம்.
சுகுணன் சார் அதைத் தனி உறையில் போட்டார்.
எண் எழுதாமல்
பேனாவை மூடி மூடித் திறந்தார்.

ராத்திரி சொற்களை எண்ணி எண்ணி எழுதினேன்.
எதிரி என்றால் யாருக்கு?
சிப்பாய்களில் பாதிப் பேர் தெற்கத்தி ஆட்கள்.
குதிரைக்குப் புல் அறுத்தது இந்த ஊர்;
இரண்டு பக்கமும் விலை பேசியிருக்கும்.
‘வீரமரணம் அடைந்தனர்’ என்பதைச்
‘செத்தார்கள்’ என்று மாற்றினேன்.
இரண்டு சொல் மிச்சம்.
மூன்று சத்ருவும் போயாயிற்று.
கிடைத்த ஐந்து சொல் இடத்தில்
‘மழைக்குப் பிறகு தரையைப் பார்த்து நடக்கவும்’
என்று சேர்த்தேன்.
“இது சரித்திரம் அல்லவே” என்றார் சார்.
கையெழுத்துப் போட்டார்.

திறப்புக்கு அமைச்சர் வரவில்லை, மழை வந்தது.
டிக்கெட் பத்து ரூபாய்.
புல் செதுக்கியவர்கள்
வேலிக்கு வெளியே ஒரே குடையில் நான்கு பேராய்
பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தார்கள்.
கடைசி வரியில் நாச்சம்மாள் குனிந்து
தன் காலடியைப் பார்த்தாள்.

ஏரியில் வலை விழும் சத்தம்.
அறுபத்துமூன்று குண்டில் ஏழு சந்தை ஈயம்.
சவரிமுத்து இழுத்துக்கொண்டே முனகினார்,
எடை சரிதானாம்,
ஆனாலும் இடப்பக்கம்
கொஞ்சம் லேசாக வருகிறதாம்.