பதினெட்டு மில்லிமீட்டர்

முதலையா, மாடா என்று கேட்டான்
சரந்தி தெரு அங்காடிக்குள் கடை வைத்திருக்கும் பையன்.
முதலை என் ஒன்றரை மாதச் சம்பளம்.
மாடு என்றேன்.
மனிதரைவிட மாடுகள் அதிகமுள்ள நாட்டில்
இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது.

பழைய வாரை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தவன்
விரல்களைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டான்.
அது அழுக்கில்லை தம்பி, தூக்கம்
என்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை.

அப்பாவுக்கு இரவு வேலை.
கராஸ்கோ பக்கம் ஒரு காசினோவில் ரூலெட் மேசை.
அங்கே மணிக்கட்டு வெறுமையாக இருக்க வேண்டும்.
சட்டைக் கைக்குள் எதுவும் போகவில்லை என்று
மேசையைவிட்டு எழும்போதெல்லாம்
இரு கைகளையும் விரித்துத் திருப்பிக் காட்ட வேண்டும்.
வீட்டுக்கு வந்தும் அந்தப் பழக்கம் விடவில்லை.
சாப்பிட்டு எழுந்ததும் அம்மாவிடம் திருப்பிக் காட்டுவார்.
அவள் தலையசைத்த பிறகுதான் படுக்கப் போவார்.

படுக்கும்போதுதான் கடிகாரம் கட்டுவார்,
காலை ஏழு மணிக்கு, ஜன்னலை இழுத்து அடைத்துவிட்டு.
பணக்காரர்கள் விருந்துக்குக் கட்டுவதை
அவர் உறங்குவதற்குக் கட்டினார்.
நானும் அன்செல்மோவும்
அவருடைய நள்ளிரவுக்குள் காலுறையோடு நடந்து
பள்ளிக்குக் கிளம்புவோம்,
காலணிகளைக் கையில் பிடித்தபடி.

பரம்பரைச் சொத்து என்று எழுதினார் நோட்டரி.
எந்தப் பரம்பரை?
பின்மூடியில் ஆர். ஈ. என்று பொறித்திருக்கிறது, கீழே 1961.
எங்கள் குடும்பத்தில் அப்படி ஒருவருமில்லை.
ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வந்த பண்ணைக்காரன் ஒருவன்
விடியற்காலை மூன்று மணிக்கு,
திரும்பிப் போகப் படகுக் காசுகூட இல்லாமல்,
கார்கள் நிற்குமிடத்தில் வைத்து விற்றதாம்.
விலையை ஒவ்வொரு முறையும் மாற்றிச் சொல்வார் அப்பா.
கடைசியில், மருத்துவமனையில்,
சும்மாதான் கொடுத்தான் என்றார்.

சமையலறை மேசை. விளக்கைத் தாழ இழுத்துக்கொண்டேன்.
கடிகாரத்தின் காதுக்குள் கருவி நுனியை நுழைத்து
ஸ்பிரிங் ஊசியை அமுக்கினால் வந்துவிடும் என்றிருந்தான்.
வந்தது. வந்து, பறந்தது.
குளிர்பெட்டியை நகர்த்தியதில் கிடைத்தன
ஊசியும், செல்லாத பழைய பெசோ ஒன்றும்,
காய்ந்த பூண்டுப் பல்லும்,
செத்துப்போன பூனையின் ஒரு மீசைமுடியும்.

பழைய வாரில் தொழிற்சாலை போட்ட துளைகள் ஏழு.
மூன்றாவது இழுபட்டு நீண்டிருக்கிறது, முப்பது வருடம்.
நான்கையும் ஐந்தையும் யாரும் தொட்டதே இல்லை.
ஏழாவதில் ஒரு மாதத் தழும்பு.
எட்டாவது கோணல். அது நான் போட்டது,
தாதியிடம் கத்தரி இரவல் வாங்கி,
கழற்ற மாட்டேன் என்று அவர் கையை மடக்கிக்கொண்ட இரவில்.

அன்செல்மோவை அழைத்தேன்.
வீடு விற்ற பணத்துக்குப் பிறகு
பிறந்தநாளுக்கு மட்டும் பேசிக்கொள்கிறோம்.
வார் மாற்றிவிட்டேன் என்றேன்.
மதிப்புக் குறைந்துவிடும் என்றான்.
பிறகு அவன் பேருந்து நிற்கும் சத்தம்,
கதவு பெருமூச்சு விட்டுத் திறக்கும் சத்தம்,
யாரோ சில்லறை எண்ணும் சத்தம்.
பழசைத் தூக்கிப் போட்டுவிடாதே, ஸுல்மா.
எனக்குக் கொடு.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிறு
அவன் வண்டியில் ஏறி முன்னிருக்கையில் உட்கார்ந்தேன்.
கியர்த் தண்டில் சுற்றியிருந்தது அது.
கடிகாரம் போய்விட்டால் வார் இரண்டு துண்டு;
தனியே நின்ற முனைகளைச்
செப்புக் கம்பியால் முறுக்கி இணைத்திருந்தான்.
எட்டாவதில் மாட்டினால் இறுக்கிப் பிடிக்கும்.
மூன்றாவதில் மாட்டியிருந்தான்.
ஒவ்வொரு கியருக்கும் அது தொளதொளவென்று சரிய
சுண்டுவிரலால் மேலே தள்ளிவிட்டுக்கொண்டே ஓட்டினான்.

என் கையில் புதுத்தோல் முறுமுறுத்தது.
இன்னும் வளையப் பழகவில்லை,
எந்தத் துளைக்கும் என்னைத் தெரியாது.

கடற்கரைச் சாலைத் திருப்பத்தில்
மணி என்ன என்று கேட்டான்.
அவன் கண்ணெதிரே, கண்ணாடிக்கு மேல்,
சிவப்பு எண்களில் 11:40 எரிந்துகொண்டிருந்தது.

கையை நீட்டி,
திருப்பிக் காட்டினேன்.