பொறி

அவிநாசி ரோட்டுச் சந்துக்குள்
பன்னிரண்டு தலை எம்பிராய்டரி மெஷின்
நின்று கிடக்கிறது. ஆர்டர் கேன்சல்.
நெஞ்சில் ஏற்றிய கழுகை
ஒவ்வொரு பனியனாய்ப் பிரிக்கிறாள் துளசிமணி,
பீஸுக்கு ரெண்டு ரூபாய்.

"இந்தக் குறிக்குத் தமிழ்ல என்னங்?"
பொறி என்றேன்.
சேரன் காசில் வில்லாக இருந்தது.
"மெஷினுங்?"
அதுவும் பொறி.
"எலிக்கு வெக்கறது?"
அதுவுந்தான்.

சிரித்துக்கொண்டே டியூப்லைட்டுக்கு நேரே
துணியைத் தூக்கினாள்.
நூல் ஒரு இழை இல்லை.
அலகு, றெக்கை, நகம்
அத்தனையும் ஊசி ஓட்டையில்
வெளிச்சமாய் நின்றன.

"செகண்ட்ஸ்ல போட்டா
எங்கூட்டுக்காரரு இதையேதான் வாங்கியாருவாருங்.
சோறு போடறப்ப
என்னையவே பாக்கும்."

கண்ணும் பொறிதான்.
நான் அதைச் சொல்லவில்லை.
நகத்தால் நெருடி நெருடி
அந்த ஒரு ஓட்டையை மட்டும்
அடைத்துவிட்டு
அடுத்த பனியனை எடுத்தாள்.